மூலையில் முடங்கிக் கிடக்கும் உரிமைகள்

கரும்பு வண்டி வண்டியாக ஆலைக்குள் செல்வதை ஊரே காண்கிறது. பிழிந்தெடுத்த சக்கை வெளியேறுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை ஆலையோடு வாழ்ந்துவரும் ஊர் நெல்லிக்குப்பம். சக்கை வெளியேறாவிட்டால் ஆலை நின்றுவிடும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். அந்தச் சக்கையும் வீணாகப் போவதில்லை. கொதிகலனுக்கு எரிபொருளாகி அதே ஆலையை ஓட்டுகிறது. ஓரிடத்தில் தடையாகக் கிடப்பது, உரிய இடம் சேர்ந்தால் பயனாக மாறிவிடுகிறது.

நம்முடைய இல்லங்களை எண்ணிப் பாருங்கள். பொருள் உள்ளே வருவதற்கு வழி இருக்கிறது. வெளியே போவதற்கு வழி இல்லை. திருமணச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்கள் பெயர் பொறித்தபடியே பரணில் உறங்குகின்றன. வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்த கம்பளிகள் அட்டைப் பெட்டிகளிலேயே இருக்கின்றன. பழுதான மின்விசிறி, ஒற்றைச் செருப்பு, காலாவதியான மருந்துப் புட்டி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக் கொத்து என்று எதற்கும் விடை கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. இறுதியில், தொழுகை விரிப்பை விரிப்பதற்கு நான்கடி இடம் தேடி அலைகிறோம்.

இது அழகைப் பற்றிய பேச்சு மட்டுமா? அப்படியானால் இந்தப் பக்கத்தில் இதனை எழுத வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் பொருள்களுக்கிடையே பிறருடைய உரிமைகளும் முடங்கிக் கிடக்கின்றன. இந்த உண்மையை நான் நூல்களில் ஓதி அறிந்திருந்தேன். ஆனால், என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் அதனை உணர்ந்தேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

என் தந்தையார் 2004ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். ஜனாஸாத் தொழுகையின்போது, நம்மவர் வழக்கப்படி, "இவர்களிடம் யாருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருப்பின் எங்களிடம் கேட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று பள்ளிவாசலில் அறிவித்தோம். ஒருவரும் வரவில்லை. கடமை முடிந்தது என்று மன நிறைவு அடைந்தோம். அவர்கள் பயன்படுத்திய டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். பிறகு பார்க்கலாம் என்பதே அன்று எங்கள் முடிவு. அந்தப் "பிறகு" ஏழு ஆண்டுகள் வரவில்லை. அதற்குள் பெட்டியின் மீது பழைய நாட்காட்டிகளும், திருமண அழைப்பிதழ்களும், கம்பி முறிந்த குடையும், யாருடையதென்றே தெரியாத ஒரு தூக்குவாளியும் குவிந்துவிட்டன.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்தக் கொடிய நாளை இப்பகுதியினர் மறக்க முடியாது. எங்கள் வீட்டு ஓடுகளும் பறந்தன. அறைக்குள் மழை புகுந்தது. நனைந்த பொருள்களை வெயிலில் காயவைப்பதற்காக அந்தப் பெட்டியைத் திறந்தோம். தந்தையாரின் கையெழுத்தில் ஒரு கணக்கேடு கிடைத்தது. என் தங்கையின் திருமணத்திற்காக அண்டை வீட்டாரிடம் 6,000 ரூபாய் கைமாற்றாகப் பெற்றதையும், 2,500 ரூபாய் திருப்பிக் கொடுத்ததையும் அதில் குறித்திருந்தார்கள். எஞ்சிய 3,500 ரூபாய்க்கு நேராக எதுவும் எழுதப்படவில்லை.

கடன் கொடுத்த அப்பெரியவர் என் தந்தையாருக்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மனைவி இடியாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைக் காத்துவந்தார். அந்த ஏழு ஆண்டுகளும் காலை வேளையில் அவரிடம் இடியாப்பம் வாங்கி உண்டவன் நான். பணத்தை எடுத்துக்கொண்டு சென்று செய்தியைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "கேட்டால் உங்க அத்தாவைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிடும்னு சும்மா இருந்துட்டேன், தம்பி" என்றார். பள்ளிவாசலில் நாங்கள் செய்த அறிவிப்பு வீட்டினுள் இருந்த அந்தப் பெண்மணியின் காதுக்கு எட்டவே இல்லை. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் தம் மகனைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பணம் கிடைத்திருந்தால் பையன் படித்திருப்பானா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடனைப் பற்றி மிம்பரில் நின்று எத்தனையோ முறை பேசியவன் நான். இறந்தவரின் ஆன்மா அவர் பட்ட கடன் தீர்க்கப்படும் வரை தடுத்து வைக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தில் வரும் நபிமொழியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். என்னைப் பெற்றவரின் கடனோ என் தலைமாட்டுக்குக் கீழே குப்பையால் மூடப்பட்டுக் கிடந்தது. வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் மரண சாசனமும் கடனும் தீர்க்கப்பட வேண்டும் என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் வகுத்துள்ள சட்டம். கணக்கேடு எங்கே இருக்கிறது என்று தெரியாத வீட்டில் அந்தச் சட்டத்தை எப்படி நிறைவேற்றுவது?

ஹிஜ்ரத் இரவின் பாடம்

கி.பி. 622ஆம் ஆண்டு. மக்காவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கொன்றுவிட எதிரிகள் திட்டம் வகுத்துவிட்டனர். அன்னார் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். அந்த நெருக்கடியிலும் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்திவைத்துச் சென்றார்கள். மக்கள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிச் சேர்ப்பதே அலீ (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட பணி.

அமானிதத்தின் சிறப்பை விளக்க இந்த வரலாற்றைப் பலரும் கூறுவர். நான் வேறொன்றையும் இதில் காண்கிறேன். எந்தப் பொருள் யாருடையது, அது எங்கே இருக்கிறது என்பது அந்த இல்லத்தில் தெளிவாக இருந்தது. ஆகையால்தான் வேறொருவர் அவற்றை எடுத்து உரியவர்களிடம் சேர்க்க முடிந்தது. இன்றிரவே நாம் புறப்பட நேர்ந்தால், நம் வீட்டிலுள்ள பிறர் பொருளை நம் பிள்ளைகளால் அடையாளம் காண முடியுமா?

அண்ணலாரின் மதீனத்து இல்லமும் சிந்திக்கத்தக்கது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை அங்கே சென்றபோது, உடலில் தடம் பதிக்கும் பாயும், ஈச்ச நார் அடைத்த தோல் தலையணையும், சிறிது வாற்கோதுமையும், தொங்கவிடப்பட்ட தோல்களும் அன்றி வேறொன்றும் அவர்கள் கண்ணில் படவில்லை. கண்ட உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அவ்வளவு எளிமை நம்மால் இயலாது. அதை நான் வலியுறுத்தவும் இல்லை. ஆனால், கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் அண்ணலார் அளித்த அளவுகோல் எளிய குடும்பத்திற்கும் பொருந்தும். விருந்தினருக்கும் அதில் இடம் உண்டு. வீண் குவியலுக்கு மட்டுமே இடம் இல்லை.

வேறு நாட்டாரும் வேறு வழிகளில் இதே எல்லைக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர். மரணத்திற்கு முன்பே தம் உடைமைகளைத் தாமே ஒழுங்குபடுத்தி, பிள்ளைகளின் சுமையைக் குறைத்துச் செல்லும் பழக்கத்தைச் சுவீடன் நாட்டினர் "மரணத் துப்புரவு" என்றே அழைக்கின்றனர். அந்நாட்டைச் சேர்ந்த மார்கரெட்டா மாக்னுசன் என்னும் மூதாட்டி இதைப் பற்றி எழுதிய நூல் 2017ஆம் ஆண்டில் வெளிவந்து பல நாடுகளில் பேசப்பட்டது. பொருளுடைய முஸ்லிம் தன் மரண சாசனத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கலாகாது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை ஓதும் நமக்கு இது புதிய செய்தி அன்று. மறந்துபோன செய்தி என்பதே பொருத்தம்.

உடல்நலத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம்பதியரிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தம் வீடு ஒழுங்கற்றும் முடிவுறாத வேலைகள் நிறைந்தும் இருப்பதாகக் கூறிய மனைவியருக்கு, காலையில் உயர்ந்து மாலைக்குள் தணிய வேண்டிய கார்டிசால் என்னும் சுரப்பு போதிய அளவு தணியவில்லை என்று அது கண்டது. மன உளைச்சலின்போது மிகும் சுரப்பு அது. வீட்டின் நெரிசல் யார் உள்ளத்தை அதிகம் நெரிக்கிறது என்பதை நம் இல்லத்தரசிகளைக் கேட்டாலும் தெரிந்துவிடும்.

கால் மணி நேரம் போதும்

"முழு வீட்டையும் ஒழுங்குபடுத்த ஒரு வாரம் விடுமுறை வேண்டுமே!" என்று மலைப்பவர் பலர். அந்த மலைப்பே வேலையைத் தொடங்கவிடாமல் தடுக்கிறது. செயல்களில் இறைவனுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று அண்ணலார் உணர்த்தியிருக்கிறார்கள். வழிபாட்டிற்கு மட்டுமன்றி வீட்டு வேலைக்கும் இது நல்ல விதி. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை, அல்லது அலமாரியின் ஒரு தட்டு. அதற்கு மேல் வேண்டாம். நாற்பது நாளில் நாற்பது இடங்கள் ஒழுங்காகிவிடும்.

முதலில் தேட வேண்டியது பிறர் பொருளை. ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்க வந்த அடுத்த வீட்டுத் தூக்குவாளி, விருந்துக்கு இரவல் வாங்கிய தேக்சா, படிக்கக் கொண்டுவந்த கிதாப், மதரஸாவின் பாய் ஆகியவற்றை வாசலருகே ஒரு கூடையில் சேர்த்து வையுங்கள். வாரத்திற்கு ஒருமுறை, ஜும்ஆவுக்குச் செல்லுமுன் அவற்றை உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அன்றாடப் புழங்கு பொருளை அண்டை வீட்டாருக்குக் கொடுக்க மறுப்பவரைத் திருமறையின் "மாஊன்" அத்தியாயம் கண்டிக்கிறது. இரவல் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால், கொடுக்கும் கையும் நாளடைவில் மூடிக்கொள்ளும் அன்றோ?

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். இதற்கு நம் அடுக்களையிலேயே ஆசான் இருக்கிறது. அதுதான் அஞ்சறைப் பெட்டி. விளக்கு அணைந்தாலும் கடுகு எந்த அறையில், சீரகம் எந்த அறையில் என்று பெண்களின் விரல் அறியும். சாவி, மூக்குக் கண்ணாடி, மருந்து, கத்தரிக்கோல் ஆகிய நான்கிற்கும் இவ்வாறு மாறாத இடம் வகுத்துவிட்டாலே வீட்டிலுள்ள சச்சரவில் பெரும் பகுதி ஓய்ந்துவிடும். மருந்துப் பெட்டியை மாதம் ஒருமுறை பார்த்து, காலாவதியானதை நீக்குங்கள்.

மூன்றாவது, நடைவழி. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் தர்மம் என்று அறிவோம். தெருவுக்கு உள்ள விதி தாழ்வாரத்திற்கு இல்லையா? ஃபஜ்ருக்கு இருட்டில் எழுந்து உளூச் செய்யச் செல்லும் முதிய தாயின் கால் மூட்டையில் இடறினால், இடுப்பெலும்பு முறிந்து ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடும். ஆகவே கட்டிலிலிருந்து குழாயடி வரையுள்ள வழியை எந்நாளும் வெறுமையாக வைத்திருங்கள்.

நான்காவது, வரவுக்கேற்ற செலவு. பெருநாளுக்குப் புதிய உடை வந்தால், பழையதொன்று வெளியே செல்லட்டும். ஆனால் கிழிந்ததையும் சாயம் போனதையும் ஏழைக்குத் தள்ளுவது கொடை ஆகாது. நாமே கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாகத் தேர்ந்தெடுக்கலாகாது என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்பதே முறை. கிழிந்ததைத் துடைதுணி ஆக்கலாம். பரணில் உறங்கும் எவர்சில்வர் குடத்தை ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு அளிக்கலாம்.

ஐந்தாவது, காகிதம். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, கொடுக்கல் வாங்கல் குறிப்பு, ஜகாத் கணக்கு, மரண சாசனம் ஆகியவற்றை நீர் புகாத ஒரே உறையில் இட்டு, உயரமான இடத்தில் வையுங்கள். வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடும் நமக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்து கடலூர்ப் பகுதியின் ஆற்றோரக் குடியிருப்புகளில் புகுந்தது. அத்தகைய வேளையில் கையில் எடுத்துக்கொண்டு வெளியேற ஓர் உறை இருந்தால் போதும். பத்துப் பெட்டிகளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. அந்த உறை இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள இருவருக்கேனும் சொல்லி வையுங்கள்.

இங்கே நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பிஸ்மில்லாஹ் அச்சிட்ட அழைப்பிதழ், திருவசனம் உள்ள நாட்காட்டி, தாள் உதிர்ந்த பழைய குர்ஆன் பிரதி ஆகியவற்றைக் குப்பையில் எறிய மனம் அஞ்சுகிறது. அந்த அச்சம் நல்லதே. ஆயினும், அவற்றைப் பரணில் கரையானுக்கு விட்டுவிடுவதும் கண்ணியம் ஆகாது. தூய துணியில் சுற்றி, கால் மிதிபடாத தூய இடத்தில் குழி தோண்டி அடக்கம் செய்யலாம் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர். ஆண்டுக்கு ஒருமுறை, ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில், மஹல்லா தோறும் இதனைக் கூட்டாகச் செய்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை குறையும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்திற்கும் இது பொருந்தும்.

எல்லை மீற வேண்டாம்

ஒழுங்கு என்ற பெயரில் சில தவறுகளும் நேரக்கூடும். தாயாரின் பழைய வெற்றிலைப் பெட்டியை அவரைக் கேளாமல் எறிவது ஒழுங்கு ஆகாது. அது அவருடைய உடைமை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் புத்தகங்களும் அவ்வாறே. உரியவர் சம்மதமின்றி எதையும் நீக்க நமக்கு அதிகாரம் இல்லை. வெளியேற்றிய குப்பையை வாய்க்காலிலும் ஆற்றங்கரையிலும் கொட்டுவது, நம் தொல்லையை ஊரின் தலையில் இறக்கிவைப்பதேயாகும். அடுக்கி வைப்பதற்கென்றே பத்துப் பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்குவதோ இன்னொரு குவியலுக்கு அடிகோலுவது.

ஏழையின் மூட்டையைக் கண்டு ஏளனம் செய்யவும் வேண்டாம். ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி சாக்கையும் கயிற்றையும் தார்ப்பாயையும் சேர்த்து வைக்கிறாள் என்றால், அது புயலுக்குப் புயல் கற்ற பாடம். கூரை பறந்த நாளில் அந்தத் தார்ப்பாய்தான் அவள் பிள்ளைகளுக்குக் கூரை. தேவைக்குச் சேமிப்பது வேறு; பெருமைக்காகக் குவிப்பது வேறு. கல்லறையைக் காணும் வரை மனிதனின் கவனத்தைத் திருப்பிவிடுவதாகத் திருமறை கண்டிப்பது, அதிகமாகச் சேர்ப்பதில் கொள்ளும் போட்டியையே.

மேலும், இவ்வேலை முழுவதையும் பெண்கள் தலையில் சுமத்திவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்து கருத்துரைக்கலாகாது. அண்ணலார் இல்லத்தில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தம் கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட பெருமானாரின் உம்மத்தினர், தாம் கழற்றிய சட்டையைக் கொடியில் இடுவதற்கு வெட்கப்படலாமா?

எஞ்சி நிற்பது எது?

அண்ணலாரின் இல்லத்தில் ஒருமுறை ஆடு ஒன்று அறுக்கப்பட்டுப் பங்கிடப்பட்டது. என்ன மீதம் என்று அன்னார் வினவ, முன்கால் சப்பையைத் தவிர வேறில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். அந்தச் சப்பையைத் தவிர மற்றவை அனைத்தும் மீதம் இருக்கின்றன என்ற பொருளில் அண்ணலார் திருத்திச் சொன்னார்கள். கொடுத்ததே எஞ்சும் என்பது அந்த வீட்டின் கணக்கு.

என் தந்தையாரின் டிரங்குப் பெட்டி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதன் மேல் இப்போது எதையும் வைப்பதில்லை. உள்ளே ஒரே ஓர் உறை. அதற்குள் யாருக்கு நான் தர வேண்டும், யார் எனக்குத் தர வேண்டும் என்ற கணக்கு. ஒவ்வொரு ஹிஜ்ரி மாதத்தின் முதல் வெள்ளியன்றும் என் மகனை அருகில் அமர்த்தி அதைப் படித்துக் காட்டுகிறேன். பெட்டியின் மேல் கிடந்த அந்தத் தூக்குவாளி யாருடையது என்று தெரு முழுதும் கேட்டேன். எவரும் உரிமை கொண்டாடவில்லை. கேட்பவர் வந்தால் கொடுப்பதற்காக, அதனைத் துலக்கி வாசலருகே மாட்டி வைத்திருக்கிறேன்.

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரே ஒரு மூலையைப் பாருங்கள். அங்கே பிறருடையது ஏதேனும் இருந்தால், அதை முதலில் எடுத்து வையுங்கள். பிறர் உரிமையின் சுமையிலிருந்து விடுபட்டவர்களாக, இலேசான இல்லத்தோடும் இலேசான உள்ளத்தோடும் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.